அப்பா தேநீர் தயாரிப்பதில்லை, டீ ஆற்றுகிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் பழைய டீக்கடைகளைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் குளித்தலையில் உள்ள ஒரு கடையும் இடம்பெற்றிருந்தது, பாய்லர் பக்கத்தில் பனியனும் தோளில் துண்டுமாக ஒருவர் நிற்கும் படத்தோடு. அவர் என் அப்பா.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக வந்திருந்தது. ஒருத்தர் அதைக் கத்தரித்து லேமினேஷனே போட்டுக் கொடுத்துவிட்டார், இப்போது கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பிரச்சினை படத்துக்குக் கீழே இருந்த வரியில். எங்கள் கடையில் பேப்பரைச் சத்தமாகத்தான் படிப்பார்கள், ஒரு பேப்பரை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் வைத்திருந்தாலும் யாராவது ஒருவர் மற்றவர்களுக்காகப் படித்தே தீருவார், அப்படித்தான் அன்றைக்கும் ஒருவர் படித்தார்: "கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தேநீர் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறேன். தேநீர் அருந்த வரும் வாடிக்கையாளர்களின் மனநிறைவே எனக்கு ஊக்கம்."

அப்பா ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "யாருப்பா அது, நல்லா பேசியிருக்காரு" என்றார்.

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் மனசுக்குள் ஏதோ உறுத்த ஆரம்பித்தது.

உங்கள் நிருபர் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். தாலுகா ஆபீஸ் எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை, மனு டைப் அடித்துக் கொடுப்பதும் உண்டு, நாலு மணிக்கு டீக்காக அப்பா கடைக்கு வருவேன். நிருபர் தம்பி தங்கமான பையன், பொறுமையாகக் கேட்டார், போனில் ரெக்கார்டும் செய்துகொண்டார். அப்பா சொன்னது இது: "நாப்பது வருசமா ஆத்திக்கிட்டு இருக்கேன் தம்பி. ஒரு நாள் கடை லீவுன்னா ராத்திரி தூக்கத்துல கை தன்னால மேலயும் கீழயும் போகுதாம், வீட்டுக்காரம்மா திட்டுறா." இதில் அச்சில் வந்தது அந்த நாற்பது மட்டும்தான்.

"ஆத்துறது" எப்படி "தயாரிப்பது" ஆனது என்று எனக்குப் புரியவில்லை. தயாரிப்பது என்றால் எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது. அப்பா செய்வதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அந்தச் சொல் வந்திருக்காது. பாய்லர் வெந்நீரில் கிளாஸை ஒரு அலசு, சர்க்கரை, பால், அப்புறம் அந்தத் துணிப் பை, அது பிறந்தபோது வெள்ளையாக இருந்திருக்கும், அதில் டீத்தூள் ஊறிக்கொண்டே கிடக்கும், அதைத் தூக்கிப் பிடித்து வெந்நீர் விட்டால் டிக்காஷன் கறுப்பாக இறங்கும். அதற்குப் பிறகுதான் விஷயமே. கிளாஸிலிருந்து மக்குக்கு, மக்கிலிருந்து கிளாஸுக்கு, ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் ஒரு கயிறு மாதிரி டீ தொங்கும், ஒரு சொட்டு வெளியே போகாது. சர்க்கரை கரைவது, நுரை கட்டுவது, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வருவது எல்லாம் அந்த மூன்று நாலு வீச்சில் முடிந்துவிடும். இதில் அவர் கண் டீயில் இருக்காது, ரோட்டில் இருக்கும். தெருமுனையில் தலை தெரிந்ததுமே அவரவர் டீ ஆரம்பித்துவிடும்: மீன் வண்டிக்காரருக்கு டிக்காஷன் தூக்கலாக, பத்திரம் எழுதுகிறவருக்குச் சர்க்கரை இல்லாமல், பஸ் டிரைவருக்கு ஆற்றாமல் அப்படியே கொதிக்கக் கொதிக்க, ஏனென்றால் அவர் வண்டிக்குள் எடுத்துப் போய் ஜனங்கள் ஏறி முடியும் வரை வைத்துக் குடிப்பார்.

பாய்லரையும் சும்மா விடவில்லை நீங்கள். "பழைமையான கொதிகலன்" என்று போட்டிருக்கிறீர்கள். கொதிகலன் என்றால் ஜனங்களுக்குத் தெரிந்தது தொழிற்சாலையில் வெடித்துச் செய்தியில் வருவது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு ஆய்வாளர் யாராவது லைசென்ஸ் கேட்டு வந்து நிற்கப் போகிறார் என்று பெஞ்சில் இன்னும் கிண்டல் நிற்கவில்லை. அதற்குள் ஒரு பழைய செம்புக் காசு கிடக்கிறது, தண்ணீர் கொதித்தால் கடகடவென்று ஆடும், சத்தம் அடங்கினால் கரி போட வேண்டும் என்று அர்த்தம். நிருபரிடம் அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் காட்டினார். அதுவும் வரவில்லை. சரி, இடம் போதாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆங்கிலச் சொற்களை முடிந்தவரை தவிர்ப்பது வழக்கம் அம்மா, டீ ஆங்கிலம், தேநீர் தமிழ் என்றார். அவர் வைத்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

தேநீரில் நீர் தமிழ், ஒப்புக்கொள்கிறேன். தே எந்த ஊர்? சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் பக்கம் பேசும் மொழியில் அந்த இலைக்குப் பெயர் 'தே'. அந்தக் கரையிலிருந்து டச்சு வியாபாரிகளின் கப்பலில் போன இடங்களில் எல்லாம் அது 'டீ', 'தே' என்று ஆனது. சீனாவின் மற்ற பகுதிகளில் அதே இலைக்கு 'சா' என்று பெயர், அது தரை வழியாகவும் மக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் வழியாகவும் போய்ச் 'சாய்', 'சாயா' ஆனது. நம்மிடம் இரண்டுமே இருக்கின்றன, கன்னியாகுமரி மாவட்டத்தில் போய் டீ கேட்டால் சாயாதான் வரும். ஆக, டீயும் தேயும் ஒரே சீனத்துப் பிள்ளைகள், ஒன்று இங்கிலீஷ் சட்டை போட்டு வந்தது, இன்னொன்று வேட்டி கட்டிக்கொண்டது. வேட்டி கட்டியவர் மட்டும் உள்ளூர்க்காரர் என்றால் எப்படி? (சின்ன வயதில் நான் தேயிலை என்றால் தேய்ந்துபோன இலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தூளைப் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது. தேநீர் என்பது தேன் சேர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் இத்தனை கடைப் பலகைகளில் 'தேனீர்' என்று எழுதியிருக்காது.) காப்பிக்குக் 'குளம்பி' என்று ஒரு சொல் உண்டாக்கினார்கள், அதை உங்கள் பத்திரிகைகூட எழுதுவதில்லை, காபி காபியாகவே வருகிறது. டீக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

தேநீர் என்ற சொல் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஆளுநர் கொடுப்பது தேநீர் விருந்து. 2022 ஏப்ரலில், நீட் விலக்கு மசோதா கிடப்பில் கிடந்தபோது, தமிழ்ப் புத்தாண்டு அன்று ஆளுநர் கொடுத்த விருந்துக்குத் தமிழக அரசு போகாமல் இருந்ததே, அதை "டீ பார்ட்டி புறக்கணிப்பு" என்று போட்டிருந்தால் ஏதோ காலேஜ் பையன்கள் சண்டை மாதிரி இருந்திருக்கும். அங்கே தேநீர்தான் சரி. யாரும் குடிக்காமலே செய்தியாகிற பானம் அது. முனைக்கடையில் நின்று குடிப்பது வேறு.

அருந்துவதும் அப்படித்தான். நாங்கள் டீயைக் குடிப்போம், வீட்டுக்கு வந்தவர்களிடம் மரியாதையாக "டீ சாப்பிடுறீங்களா" என்போம். சோற்றைச் சாப்பிடுவது மாதிரி டீயையும் சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, "குடிக்கிறீங்களா" என்று வெறுமனே கேட்டால் சில வீடுகளில் வேறு அர்த்தம் ஆகிவிடும். அருந்துகிற ஆளை நான் உங்கள் பத்திரிகையில் மட்டுமே சந்தித்திருக்கிறேன்.

டீயைச் சுற்றி ஜனங்கள் எவ்வளவு சொல் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தால் நிருபர்களுக்கு ஒரு வாரத் தொடரே கிடைக்கும். டீயைச் செய்வதில்லை, போடுகிறோம், கோலம் போடுவது மாதிரி. கடையில் ஆர்டர் கொடுப்பதில்லை, டீ "சொல்கிறோம்". "டீ சொல்லியிருக்கேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் இன்னும் பத்து நிமிஷத்துக்கு நீங்கள் எழுந்து போக முடியாது, கடன் கேட்க வந்தவர் அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்வார். கையில் காசு குறைந்த மூன்று பேர் வந்தால் "ரெண்டு டீய மூணாப் போடுங்க மாஸ்டர்", அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அப்பா மூன்று கிளாஸிலும் அளவு ஒரே மாதிரி நிற்கும்படி ஊற்றுவார், கொஞ்சம் கூடவே ஊற்றுவார் என்று அம்மா சந்தேகப்படுகிறார். கொத்தனார் வேலைக்கு வந்தால் பதினோரு மணி டீ, நாலு மணி டீ கூலியோடு சேர்த்தி, அதைக் கொடுக்காத வீட்டுக்கு மறுநாள் ஆள் வராது.

என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தால் இன்னொரு டீயையும் பார்க்கலாம். "டீ செலவுக்கு ஏதாவது பாத்துப் பண்ணுங்க." எந்த ஆபீஸ், எந்த மேஜை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குப் பிழைப்பு அங்கேதான். வயசான அம்மா ஒருத்தர் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொல்லி அழுதார். அப்பா கடையில் டீ 12 ரூபாய். ஐந்நூறுக்கு நாற்பத்தோரு டீ வாங்கி, மீதிக் காசுக்கு ஒரு பிஸ்கட்டும் வாங்கலாம். இத்தனை டீயை ஒரு மனுஷன் எப்படிக் குடிப்பான் என்று அந்த அம்மா கேட்டார். உங்கள் பத்திரிகை இதைக் கையூட்டு என்று எழுதும்.

ஆற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. வேலையில்லாமல் நிற்கிறவனை "என்னடா, டீ ஆத்திக்கிட்டு இருக்கியா" என்று கேட்பது ஊர் வழக்கம். ஆறாம் வகுப்பில் நான் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது சார் அதைத்தான் கேட்டார், அவருக்கு என் அப்பா யாரென்று தெரியாது, வகுப்புக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதற்காகவே அந்தச் சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், வைவதற்கும் அதுதான், சோறு போட்டதும் அதுதான்.

எங்கள் வீட்டில் இந்தப் பானத்துக்கு முதலில் இருந்த பெயர் டீயும் இல்லை. தேத்தண்ணி. அப்பத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள் இருந்த லயத்தில்தான் அப்பா பிறந்தார். 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத் தமிழர்களைப் பற்றிப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அந்த முதல் கணக்கில் எங்கள் குடும்பம். 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள், அப்பாவுக்குப் பதினாலு வயசு. எங்களைப் போல வந்தவர்கள் நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள், அங்கே இருக்கும் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்க உண்டாக்கியவைதான், மறுபடியும் அதே கூடை, அதே கொழுந்து. அப்பத்தா போக மாட்டேன் என்றுவிட்டார். "பறிச்சது போதும், இனி குடிக்கிறேன்" என்றாராம்.

அவர் குடித்தது கடைசி வரை வெறுந்தேத்தண்ணிதான், பால் கிடையாது, ஒரு வெல்லக் கட்டியைக் கடித்துக்கொண்டு மேலே ஒரு வாய். நல்ல தூள் எல்லாம் கப்பல் ஏறிவிடும், எங்களுக்குத் தூசிதான் என்பார். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கும் என்று சொல்லித்தான் அவருடைய பாட்டன் காலத்தில் கங்காணி இங்கிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனானாம், தோண்டிப் பார்த்தவர்கள் அட்டைக்கடி வாங்கியதுதான் மிச்சம். தேத்தண்ணி என்ற சொல்லில் எனக்கு இது அத்தனையும் கேட்கிறது. இங்கே வந்த பிறகு அந்தச் சொல்லைப் பிள்ளைகள் கிண்டல் செய்ததால் அப்பா ஒரே வருஷத்தில் டீக்கு மாறிக்கொண்டார். கடைக்கு மட்டும் இன்றைக்கும் "சிலோன்காரர் கடை" என்றுதான் பெயர். அந்த நாடே 1972இல் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது, டீக்கும் எங்கள் கடைக்கும் சிலோன் போகவில்லை. அப்பத்தா தேத்தண்ணி, அப்பா டீ, இதில் புதிதாக நீங்கள் ஒன்றைக் கொண்டுவந்து அப்பா வாயில் வைத்தால் அவர் "யாருப்பா அது" என்று கேட்காமல் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கட்டுரையின் கடைசிப் பத்தியில் "சாதி மதம் பாராமல் அனைவரையும் இணைக்கும் தேநீர்" என்று முடித்திருந்தீர்கள். சொந்தக் கடை வைப்பதற்கு முன்னால் அப்பா ஒரு கிராமத்துக் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வரிசைக் கிளாஸ் உள்ளே அலமாரியில், இன்னொரு வரிசை வெளியே கூரைச் சட்டத்தில் ஆணியில். காலனியிலிருந்து வருகிறவர்கள் வெளியே தொங்கும் கிளாஸைத் தாங்களே எடுத்து, குடித்து, தாங்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். கீழே உட்கார்ந்து குடிக்க வேண்டும், பெஞ்ச் காலியாக இருந்தாலும். ஒரு நாள் அப்பா மறந்துபோய் உள்ளே இருந்த கிளாஸில் அவர்களில் ஒரு பெரியவருக்கு டீ கொடுத்துவிட்டார், முதலாளி அந்தக் கிளாஸை ரோட்டில் போட்டு உடைத்துவிட்டு, அதற்கான காசை அப்பா கூலியில் பிடித்தார். அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்து முப்பது வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இரட்டைக் குவளை என்று நீங்கள் எழுதுவீர்கள், அங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை என்கிறார் அப்பா. "உன் கிளாஸ எடுத்துக்க" என்று மட்டும்தான் சொல்வார்களாம். இப்போது பேப்பர் கப் வந்து எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டது என்கிறார்கள், உள்ளே கிளாஸும் வெளியே பேப்பர் கப்புமாக நடத்துகிற கடையை அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை அப்பா உங்கள் நிருபரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். கிளாஸ் உடைந்ததைச் சொல்லும்போது கையை நிறுத்திவிட்டுச் சொன்னார், அவர் கை நிற்பது அபூர்வம். டீ பற்றி அவர் சொன்னதிலேயே முக்கியமானது அதுதான், அதற்கு இடம் கிடைக்கவில்லை, மனநிறைவுக்கும் ஊக்கத்துக்கும் கிடைத்திருக்கிறது.

அதற்காக நான் பெரிய யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். நானும் அதையேதான் செய்கிறேன். ஒருத்தர் வந்து "எம் பையன் வேலைக்குப் போன எடத்துல அடிபட்டுட்டான், ஒருத்தனும் எட்டிப் பாக்கல" என்றால் நான் "பணியின்போது ஏற்பட்ட விபத்தில் காயமுற்ற எனது மகனுக்கு எவ்வித உதவியும் கிடைக்கப்பெறவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்" என்று டைப் அடிப்பேன். அப்படி அடித்தால்தான் மனு மாதிரி இருக்கிறது என்று அவர்களே சந்தோஷப்படுவார்கள். அப்பா கடை லைசென்ஸ் மனுவில் "தேநீர் விற்பனை நிலையம்" என்று அடித்தவளும் நான்தான், அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. மேற்கோள் குறி போட்டு, படத்தோடு, இவர் சொன்னது இது என்று போட்ட பிறகுதான் உறுத்தியது. மனு என்றால் ஆபீசருக்குப் போகிறது. உங்கள் பேப்பர் எங்கள் பெஞ்சுக்கே திரும்பி வருகிறது, சொன்னவர் முன்னாலேயே படிக்கப்படுகிறது.

(சொல்லப்போனால் அந்தப் பெஞ்சில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. கடைக்காரர் மகள்தான், ஆனாலும் என் டீ பின்பக்கத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் வரும், நின்றுகொண்டே குடிப்பேன். பை-பாஸ் ரோட்டுக் கடைகளில் இப்போது பெண்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். எங்கள் கடையில் இன்னும் ஆகவில்லை. இதைப் பற்றி அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, உங்களிடம் இல்லை.)

திருத்தம் எதுவும் போட வேண்டாம். "தேநீர் என்பதை டீ என்று திருத்தி வாசிக்கவும்" என்று போட்டால் ஊரே சிரிக்கும். நான் கேட்பது இதுதான்: கட்டுரையில் நீங்கள் எழுதும் இடத்தில் உங்கள் விருப்பப்படி தேநீரோ, கொதிகலனோ, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள்ளே மட்டும் அவர் சொன்னதைப் போடுங்கள். "ஆத்திக்கிட்டு" என்பதை "ஆற்றிக்கொண்டு" என்று எழுத்துக்கு மாற்றினால்கூட யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

நிருபர் தம்பிக்கு ஒரு செய்தி. அன்றைக்கு நீங்கள் குடித்த இரண்டு டீக்கு அப்பா காசு வாங்கவில்லை. கிளாஸ் கதையைப் போட்டால் அடுத்த முறையும் வாங்க மாட்டாராம், போடாவிட்டால் 24 ரூபாய் பாக்கி.

இப்படிக்கு,
ஒரு டீ மாஸ்டரின் மகள்,
குளித்தலை